சுவரில் லோகோ மாட்டினால் போதுமா? அலுவலகத்தின் உட்புறம் நிறுவனத்தைப் பற்றி என்ன சொல்கிறது?

நேர்முகத் தேர்வுக்காக ஓர் அலுவலகத்துக்குச் செல்கிறீர்கள். வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. "மணியை அழுத்தவும்" என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: "மக்களே எங்கள் முதல் அக்கறை."

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எது நினைவில் இருக்கும்? சுவரில் இருந்த வாசகமா, மேசையில் ஒட்டியிருந்த தாளா?

பெரும்பாலானோருக்கு அந்தத் தாள்தான்.

அலுவலகத்தின் உட்புறம் பேசும். நிறுவனம் சொல்ல நினைப்பதையும் சொல்லும், சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடும். புதிய அலுவலகத்துக்கு மாறும் நிறுவனங்களும், பழைய இடத்தைப் புதுப்பிக்கும் சிறு வணிகங்களும் கணிசமான தொகையைச் செலவிடுகின்றன. அது எதற்குப் போகிறது? எதற்குப் போகவேண்டும்? பார்ப்போம்.

நிறுவன அடையாளம் என்பது என்ன?

லோகோ, நிறம், எழுத்துரு ஆகியவை மட்டுமே பிராண்ட் என்று பலரும் நினைப்பதுண்டு. அவை அடையாளத்தின் சட்டை மட்டுமே.

நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் வாடிக்கையாளர் மனத்தில் என்ன தோன்றுகிறதோ அதுவே அதன் அடையாளம். "நம்பிப் பணத்தைக் கொடுக்கலாம்", "சட்டுன்னு வேலையை முடிச்சுக் கொடுப்பாங்க", "விலை அதிகம், ஆனா தரமா இருக்கும்" என்று மக்கள் பேசிக்கொள்வார்களே, அதுதான்.

அந்த எண்ணத்தை ஓர் இடம் உறுதிப்படுத்தலாம், கெடுக்கவும் செய்யலாம். கணக்காய்வு நிறுவனத்துக்குச் செல்லும் வாடிக்கையாளர், தரையில் அடுக்கிவைத்த கோப்புகளில் மற்றொருவரின் பெயரைப் படிக்க முடிகிறது என்றால், "உங்கள் ரகசியம் எங்களிடம் பத்திரம்" என்று எத்தனை முறை சொன்னாலும் எடுபடாது.

இது புதிய யோசனையா?

இல்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1907இல் ஜெர்மனியின் ஏஇஜி மின்சாதன நிறுவனம், பீட்டர் பெஹ்ரென்ஸ் என்னும் கலைஞரை ஆலோசகராக நியமித்தது. லோகோ, விளம்பரத்தாள், மின்கெண்டி, தொழிற்சாலைக் கட்டடம் என அனைத்துக்கும் அவர் ஒரே பாணியைக் கொடுத்தார். 1909இல் பெர்லினில் எழுந்த ஏஇஜி விசையாழி ஆலை இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கும் கட்டடம். "நிறுவன அடையாளம்" என்ற துறை அங்கிருந்து தொடங்கியதாகப் பலரும் கருதுகின்றனர்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான்சன் வேக்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் 1939இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஃபிராங்க் லாய்ட் ரைட். அடியில் மெலிந்தும் உச்சியில் அல்லி இலைபோல் விரிந்தும் நிற்கும் தூண்களுக்கு நடுவே ஊழியர்கள் வேலை செய்தார்கள். மேசை, நாற்காலிகூட அவர் வடிவமைத்தவையே.

ஆனால் அந்தக் கட்டடத்தில் மழைநீர் ஒழுகியது. மூன்று கால் நாற்காலியில் சரியாக உட்காராதவர்கள் சாய்ந்து விழும் நிலை. பார்க்க அழகாக இருக்கும் இடம், வேலை செய்யவும் வசதியாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது!

1952இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட லீவர் ஹவுஸ் இன்னொரு பாடம். அது சவர்க்காரம் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைமையகம். இருண்ட கல் கட்டடங்கள் வரிசையாக நின்ற சாலையில் பளிச்சென்ற கண்ணாடிக் கட்டடம். கண்ணாடியைத் துடைப்பதற்கென்றே கட்டடத்தில் தொங்கும் மேடை அமைக்கப்பட்டது. "நாங்கள் சுத்தத்தை விற்கிறோம்" என்று தனியே எழுதிவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

சிங்கப்பூரில் எப்படி?

ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் நடந்தால் ஓசிபிசி சென்டர் கண்ணில் படும். 1976இல் கட்டிமுடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஐ. எம். பெய். கனமான, அசையாத தோற்றம். ஒரு வங்கி அந்தக் காலத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியது அதைத்தான்: "நாங்கள் இங்கேதான் இருப்போம்."

இன்று வங்கிகள் வேறு விதமாகப் பேசுகின்றன. டிபிஎஸ் வங்கி, நியூட்டன் வட்டாரத்தில் பழைய கட்டடம் ஒன்றை இடிக்காமல் மாற்றியமைத்து, பயன்படுத்தும் எரிசக்தியைத் தானே ஈடுகட்டும் அலுவலகமாக ஆக்கியிருக்கிறது. அங்கே செய்தி பளிங்குக்கல்லில் இல்லை, மின்கட்டணத்தில் இருக்கிறது.

மீடியாகார்ப் 2015இல் கால்டிகாட் ஹில்லிலிருந்து ஒன்-நார்த்துக்கு இடம் மாறியது. ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஃபுமிஹிகோ மாக்கியின் நிறுவனம், டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அதை வடிவமைத்தது. குன்றின்மேல் இருந்த ஒளிபரப்பு நிலையம், பொதுமக்கள் வந்து நிகழ்ச்சி பார்க்கும் அரங்கோடு சமதரைக்கு இறங்கி வந்தது. இடத்தின் அமைப்பே அடையாளத்தை மாற்றும் என்பதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இவை பெரிய நிறுவனங்கள். அங் மோ கியோவில் 800 சதுர அடி அலுவலகம் வைத்திருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான்.

"பெயிண்ட் அடிச்சா போதாதா?"

போதாது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

- இங்கே யார் வருகிறார்கள்? வாடிக்கையாளரா, ஊழியர் மட்டுமா, பொருள் கொண்டுவருவோரா?

- வருபவர் எந்த மனநிலையில் வருகிறார்? விவாகரத்து வழக்குக்காக வழக்கறிஞரைப் பார்க்க வருபவரும், திருமண விருந்துக்கு உணவு முன்பதிவு செய்ய வருபவரும் ஒரே மனநிலையில் இருப்பதில்லை.

- வெளியே போகும்போது அவர் எதை நம்பிப் போகவேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். "தரம், புதுமை, ஒருமைப்பாடு" என்று எழுதினால் பயனில்லை. அது எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். "இவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள்", "இவர்கள் ஒரு காசுகூட வீணாக்க மாட்டார்கள்" என்பதுபோல் இருக்கட்டும். அப்படி எழுதினால்தான் வடிவமைப்பாளருக்கும் வேலை செய்ய ஏதாவது கிடைக்கும்.

"அவசரப்படுத்த மாட்டார்கள்" என்றால் வரவேற்பறையில் வசதியான நாற்காலி, கதவு மூடிய அறை, சத்தம் குறைவான தரை. "வீணாக்க மாட்டார்கள்" என்றால் பழைய மேசையைச் சீராக்கிப் பயன்படுத்துவது. அங்கே பளிங்கு மேசை போட்டால் வாடிக்கையாளர், "நம்ம காசுதானே இது" என்று நினைப்பார்.

இடத்தை எப்படிப் பிரிப்பது?

நிறுவனத்தின் குணம் அதிகம் தெரிவது இங்கேதான். சன்னல் ஓரம் யாருக்கு? முதலாளிக்கா, எல்லாருக்குமா? உணவறை ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறதா, நடுவில் இருக்கிறதா?

"இங்கே எல்லாரும் சமம்" என்று சொல்லும் நிறுவனத்தில் வெளிச்சமெல்லாம் மேலாளர் அறைகளுக்குள் இருந்தால், புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே புரிந்துகொள்வார்.

சரி, எல்லாச் சுவரையும் எடுத்துவிட்டால் ஒற்றுமை வந்துவிடுமா?

அதுவும் இல்லை. 2018இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று, திறந்தவெளி அலுவலகத்துக்கு மாறிய இரு பெரிய அமெரிக்க நிறுவனங்களின் ஊழியர்களை உணர்கருவிகள் மூலம் கவனித்தது. நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது! மின்னஞ்சல் கூடியது. எல்லாரும் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்றவுடன் மக்கள் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு திரைக்குள் ஒதுங்கிவிட்டார்கள்.

அதைவிடத் துணிச்சலான சோதனை ஒன்றும் நடந்தது. 1990களில் ஷையட்/டே என்னும் அமெரிக்க விளம்பர நிறுவனம், யாருக்கும் சொந்த மேசை கிடையாது என்று அறிவித்தது. காலையில் வந்து கணினியையும் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டு, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். பத்திரிகைகள் பாராட்டின. ஊழியர்களோ கோப்புகளை வைக்க இடமின்றிக் கார்களின் பின்பெட்டியில் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1990களின் இறுதியில் அந்நிறுவனம் குடிபோன புதிய அலுவலகத்தில் மேசைகள் திரும்பி வந்தன.

"நாங்கள் எதிர்காலத்தின் நிறுவனம்" என்று உலகுக்குக் காட்டியது அந்த இடம். உள்ளே இருந்தவர்களுக்கு உட்கார இடமில்லை.

சிங்கப்பூரில் இன்று மேசைப் பகிர்வு சாதாரணமாகிவிட்டது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. முறைப்படி விண்ணப்பிக்கும் ஊழியருக்கு நிறுவனம் 2 மாதத்துக்குள் பதிலளிக்க வேண்டும். எல்லாரும் தினமும் வராத அலுவலகத்தில் ஆளுக்கொரு மேசை தேவைப்படாமல் போகலாம்.

ஆனால் மேசையை எடுக்கும்போது பூட்டக்கூடிய பெட்டியைக் கொடுங்கள். குடும்பப் படம் வைக்க ஒரு தட்டு, வழக்கமாகச் சேர்ந்து உட்காரும் குழுவுக்கு ஒரு மூலை. சிறியவைதான். இவை இல்லாதபோதுதான் "நமக்கு இங்க இடமில்ல" என்ற எண்ணம் வருகிறது.

நிறம், வெளிச்சம், சத்தம்

லோகோ சிவப்பு என்பதால் சுவர் முழுவதும் சிவப்பு வேண்டாம். வாடிக்கையாளர் அங்கே 10 நிமிடம் இருப்பார், ஊழியர் 9 மணி நேரம் இருப்பார்.

வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் எளிய கணக்கு ஒன்று உண்டு. இடத்தில் 60 பங்கு அமைதியான நிறம், 30 பங்கு துணை நிறம், 10 பங்கு மட்டும் அழுத்தமான நிறம். நிறுவனத்தின் நிறம் அந்தப் பத்தில் வரட்டும். கதவுக் கைப்பிடி, ஒரு தூண், நாற்காலியின் பின்புறம் ஆகியவை போதும். குறைவாக இருப்பதே கண்ணில் படும்.

நிற அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யவேண்டாம். ஒரே சாயம் பகல் வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் விளக்கொளியில் வேறு மாதிரியும் தெரியும். சுவரில் ஒரு தாள் அளவுக்குப் பூசி, காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. படிக்கும், எழுதும், தட்டச்சு செய்யும் மேசையில் ஏறத்தாழ 500 லக்ஸ் ஒளி இருக்கவேண்டும் என்பது அலுவலகங்களுக்கான பொதுவான அளவு. விளக்கின் பெட்டியில் 'கெல்வின்' என்று ஓர் எண் இருக்கும். 3,000 என்றால் மஞ்சள் கலந்த இதமான ஒளி. வரவேற்பறைக்கும் உணவறைக்கும் பொருந்தும். 4,000 வெண்மையானது, வேலை மேசைக்கு ஏற்றது. இரண்டையும் ஒரே அறையில் கலந்துவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் இடம் சீராகத் தோன்றாது.

சத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படத்தில் அது தெரியாதே! கண்ணாடிச் சுவர், கான்கிரீட் தரை, மூடப்படாத கூரை எல்லாம் படத்தில் அழகு. ஆனால் அங்கே பேசுவது அனைத்தும் எதிரொலிக்கும். மருத்துவ ஆலோசனை, சட்டம், கடன், மனிதவளம் ஆகிய வேலைகள் நடக்கும் இடத்தில் பக்கத்து அறைப் பேச்சு கேட்டால் நம்பிக்கை போய்விடும். தரைவிரிப்பும், ஒலி உறிஞ்சும் பலகையும், பொய்க்கூரைக்கு மேலேயும் தொடரும் சுவரும் லோகோவைவிட முக்கியம்.

இன்னொன்று, நம் பருவநிலை. இரவில் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டதும் ஈரப்பதம் ஏறும். தரமில்லாத மரப்பலகை உப்பும், ஒட்டுத்தாள் ஓரத்தில் சுருளும். திறப்பு விழாவில் பளபளத்த சுவர் ஓராண்டில் உரிந்து தொங்கினால், அதுவும் நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்திதான்.

சுவரில் தமிழ் எழுத்து வைக்கிறீர்களா?

நல்ல விஷயம். தமிழ் வாடிக்கையாளர் அதிகம் வரும் இடங்களில் பெயர்ப்பலகை, வரவேற்பு வாசகம், சந்திப்பு அறைகளின் பெயர்கள் தமிழில் இருந்தால் உடனே நெருக்கம் வரும். ஆனால் பொது இடத்தில் பிழையான தமிழைப் பார்த்து நாம் முகம் சுளித்த அனுபவம் பலருக்கும் உண்டு. கவனிக்கவேண்டியவை:

- வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். எழுத்துக்கு முன்னால் வரவேண்டியது பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழை என்றே தெரியாது.

- ஆங்கிலத்தில் அழகுக்காக எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடுவார்கள். தமிழில் அப்படிச் செய்தால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும்.

- தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பலகையில் தமிழைத் திணித்தால் எழுத்து சிறுத்துவிடும். தமிழை முதலில் வைத்து அளவெடுங்கள்.

- உலோகத்தில் வெட்டி ஒட்டும் எழுத்துகளில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. ஒன்று விழுந்தாலும் சொல் மாறும். "பட்டு", "பாட்டி" எல்லாமே வேறு எழுத்தாக ஒலிக்கும்! பராமரிப்புப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

- அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் நன்கு தெரிந்த ஒருவர் இறுதிப் படியைப் பார்க்கவேண்டும். தட்டச்சு செய்த கோப்பை அல்ல, வெட்டப்போகும் படத்தை.

அலங்காரத்துக்காக மட்டும் பண்பாட்டைப் பயன்படுத்துவதிலும் கவனம் தேவை. நுழைவாயிலில் கோலமும் குத்துவிளக்கும் வைத்துவிட்டு, தீபாவளிக்கு முதல் நாள் மாலை வரை கூட்டம் வைத்தால் ஊழியர்கள் எதை நம்புவார்கள்?

எல்லாருக்குமான இடமா?

பல இனத்தவரும் பல வயதினரும் வேலை செய்யும் நாட்டில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

உணவறையைப் பாருங்கள். ஒரே ஒரு நுண்ணலை அடுப்புதான் இருக்கிறதா? ஹலால் உணவு உண்போருக்கும் சைவ உணவு உண்போருக்கும் தனித்தனி ஏற்பாடு செய்ய அதிகம் செலவாகாது. இன்னோர் அடுப்பு, பெயரிட்ட ஒரு தட்டு. தொழுவதற்கோ தாய்ப்பால் எடுப்பதற்கோ மனம் சரியில்லாதபோது 10 நிமிடம் உட்காருவதற்கோ பூட்டக்கூடிய ஒரு சிறிய அறை. "பொருள் வைக்கிற அறையில போய் உட்காருங்க" என்று சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது.

சக்கரநாற்காலி முழுவட்டம் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் அகல இடம் வேண்டும். வரவேற்பு மேசையின் ஒரு பகுதியைத் தாழ்வாக அமைத்தால், சக்கரநாற்காலியில் வருபவர் அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டியதில்லை. கட்டட, கட்டுமான ஆணையம் தடையற்ற கட்டடங்களுக்கான விதித்தொகுப்பை வைத்திருக்கிறது. வடிவமைப்பாளரிடம் அதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

கடைவீட்டில் அலுவலகமா?

தஞ்சோங் பகார், தெலுக் ஆயர், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகிய இடங்களில் உள்ள கடைவீடுகளில் பல இளம் நிறுவனங்கள் இயங்குகின்றன. அஞ்சடியில் நடந்து, பழைய மரக்கதவைத் திறந்து உள்ளே போகும்போதே நிறுவனத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. வானளாவிய கட்டடத்தின் 30ஆம் மாடியில் அதை உருவாக்குவது சிரமம்.

ஆனால் விருப்பம்போல் மாற்ற முடியாது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகியவை 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இன்று தீவு முழுவதும் 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

முகப்பு, கூரை, இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர், மர விட்டங்கள், மரப்படிக்கட்டு, மரச்சன்னல், நடுவில் உள்ள காற்றுமுற்றம், பின்முற்றம் ஆகியவை முக்கிய அம்சங்கள். கூடிய அளவு அப்படியே வைத்திருப்பது, உணர்ந்து மீட்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது என்பதே நகரச் சீரமைப்பு ஆணையத்தின் கொள்கை. பெயர்ப்பலகைக்கும் விதிகள் உண்டு. முகப்பின் வேலைப்பாடுகளை மறைக்கக்கூடாது.

அதனால் கடைவீட்டை வாடகைக்கு எடுப்பவர் அதன் குணத்தோடு ஒத்துப்போகும் நிறுவனமாக இருப்பது நல்லது. சக்கரநாற்காலியில் வருவோருக்குக் குறுகலான மரப்படிக்கட்டு தடை என்பதையும் மறக்கவேண்டாம். வாடிக்கையாளர் சந்திப்பைத் தரைத்தளத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன்

இதுதான் சிறு நிறுவனங்கள் அடிபடும் இடம்.

முதலில் குத்தகை ஒப்பந்தம். அலுவலகக் குத்தகைகள் பெரும்பாலும் 3 ஆண்டுக்குப் போடப்படுகின்றன. காலம் முடிந்ததும் இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்ற விதி பொதுவாக இருக்கும். அதாவது, கட்டுவதற்கும் பணம், இடிப்பதற்கும் பணம்!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சுவரோடு சேர்ந்த அலமாரி, மேடை, வளைந்த வரவேற்பு மேசை ஆகியவற்றுக்கு 60,000 வெள்ளி செலவு என்று வைத்துக்கொள்வோம். 36 மாதக் குத்தகையில் அது மாதம் சுமார் 1,670 வெள்ளி, வாடகைக்கு மேல். இடிக்கும் செலவு தனி. அதே தொகையில் தரமான மேசையும் நாற்காலியும் விளக்கும் வாங்கினால் அவை அடுத்த அலுவலகத்துக்கும் கூடவே வரும்.

அடுத்து அனுமதி. புதிய சுவர் எழுப்பினால் தண்ணீர்த் தெளிப்பான்களின் இடமும் வெளியேறும் வழியும் பாதிக்கப்படலாம். தீப்பாதுகாப்பைப் பாதிக்கும் மாற்றங்களுக்குத் தகுதிபெற்ற வல்லுநர் மூலம் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையிடம் வரைபடத்தைச் சமர்ப்பித்து ஒப்புதல் பெறவேண்டும். கட்டட உரிமையாளரின் அனுமதியும் தேவை. "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று குத்தகையாளர் சொன்னால், எந்தெந்த அனுமதி, யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வரியையும் பாருங்கள். தகுதிபெறும் புதுப்பிப்புச் செலவை, 3 ஆண்டுக் காலக்கட்டத்துக்கு 300,000 வெள்ளி என்ற உச்சவரம்புக்குள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும். 2025ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வடிவமைப்பாளர் கட்டணமும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. 3 ஆண்டுக்குப் பிரித்துக் கழிக்காமல் ஒரே ஆண்டில் கழிக்கும் தெரிவும் உண்டு.

எடுத்துக்காட்டாக, 90,000 வெள்ளி தகுதிபெற்றால் ஆண்டுக்கு 30,000 வெள்ளி கழிக்கலாம். நிறுவன வருமான வரி 17 விழுக்காடு. சலுகைகளைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் ஆண்டுக்கு 5,100 வெள்ளி வரை வரி குறையலாம். ஆனால் கட்டட அமைப்பை மாற்றும் வேலைகளுக்கும் ஓவியம், சிற்பம் போன்ற கலைப்படைப்புகளுக்கும் இது பொருந்தாது. உங்கள் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

பணம் கொடுப்பதிலும் நிதானம் தேவை. பெரிய முன்பணத்தைத் தவிர்த்து, முடிந்த வேலைக்கேற்பக் கட்டங்கட்டமாகக் கொடுங்கள். கடைசித் தவணையைக் குறைகளைச் சரிசெய்த பிறகு கொடுங்கள். தகராறு வந்தால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை 2 ஆண்டுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். இரு தரப்பும் சம்மதித்தால் அந்த வரம்பு 30,000 வெள்ளி. தரப்புகள் ஒப்புக்கொண்டதெல்லாம் எழுத்தில் இருந்தால் வேலை சுலபம்.

கையில் பணம் குறைவு. எதை முதலில் செய்வது?

இந்த வரிசையில் யோசிக்கலாம்.

- தேவையில்லாதவற்றை அகற்றுங்கள். பழைய பெட்டிகள், உடைந்த நாற்காலி, காலாவதியான அறிவிப்புகள். செலவே இல்லை.

- விளக்குகளை மாற்றுங்கள். ஒரே அறையில் ஒரே நிற ஒளி.

- வாடிக்கையாளர் தொடும் பொருள்களைச் சரிசெய்யுங்கள். கதவுக் கைப்பிடி, நாற்காலி, தண்ணீர்க் குவளை, கழிவறை.

- பேசுவதற்குச் சத்தமில்லாத ஓர் அறையை உறுதிசெய்யுங்கள்.

- நிறுவனத்தின் உண்மைக் கதை ஒன்றைக் காட்டுங்கள். முதல் கணக்குப் புத்தகம், பழைய தட்டச்சுப்பொறி, செய்து முடித்த வேலைகளின் படங்கள். இணையத்தில் வாங்கிய ஊக்க வாசகங்களைவிட அவை அதிகம் பேசும்.

- பெயர்ப்பலகையும் நிறமும் கடைசியில்.

முடிந்ததும் ஒரு சோதனை வையுங்கள். மூன்று பேரிடம் கேளுங்கள்: அண்மையில் சேர்ந்த ஊழியர், துப்புரவு ஊழியர், வழக்கமாகப் பொட்டலம் கொண்டுவருபவர். "இந்த இடத்தைப் பார்த்தால் நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தோன்றுகிறது?"

பொட்டலம் கொண்டுவருபவர், "தண்ணி வேணுமான்னு கேட்பாங்க" என்று சொன்னால், வடிவமைப்பு பாதி வெற்றி.

அந்த முதல் அலுவலகத்துக்குத் திரும்புவோம். "மக்களே எங்கள் முதல் அக்கறை" என்ற சுவரை அழகாக்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. ஆனால் மேசையில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, வருபவரை நிமிர்ந்து பார்த்து "வாங்க, உட்காருங்க" என்று சொல்ல ஒருவரை அங்கே அமர்த்தினால், சுவரில் எதுவும் எழுதவேண்டிய தேவை இருக்காது.